ஓடாத தேரும் சுற்றாத காற்றாடியும்: பிள்ளைகளோடு விளையாட்டுப் பொருள் செய்வது பற்றி

கொக்குவில் தாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு எட்டு வயதில் ஒரு மகனும் ஐந்து வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள். நல்லூர்த் தேர்த்திருவிழாவன்று கோயிலடியில் வாங்கிக் கொடுத்த பிளாஸ்ரிக் காற்றாடியும் திறப்பு முறுக்கி ஓடவிடும் காரும் மறுநாளே உடைந்துபோயின. இன்னொன்று வாங்கித் தரும்படி பிள்ளைகள் கேட்பார்கள் என்றுதான் நினைத்தேன். மகனோ, "அம்மா, நாங்களே ஒரு தேர் செய்வோமா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பிறிஸ்ரல் மட்டை, நிறத்தாள், பசை, ஐஸ்கிறீம் தடிகள் எல்லாம் வாங்கி வந்து, இரண்டு நாள் இருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தேர் செய்தோம். சில்லு நான்கையும் மட்டையில் வட்டமாக வெட்டி, ஈர்க்கில் கோத்து, கழன்றுவிடக் கூடாதே என்று பசை வைத்து ஒட்டினேன். ஈர்க்கையும் தேரின் அடியில் ஒட்டினேன். வடம் பிடித்து இழுத்தபோது சில்லு ஒன்றுகூடச் சுழலவில்லை; நான்கும் மணலைக் கீறிக்கொண்டு இழுபட்டன. இரண்டடி போவதற்குள் தேர் குப்புற விழுந்தது. மகள் அதை நிமிர்த்தி வைத்து, முடியைத் தடவிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். பிறகு பிறிஸ்ரல் மட்டையில் வெட்டிக் குண்டூசியால் தடியில் குத்திய காற்றாடியும், வாயை வைத்து ஊதினாலும் அசைய மறுத்தது.

இதைவிட என் மனதை உறுத்துவது வேறொன்று. இரண்டு நாளும் அளந்தது நான், வெட்டியது நான், ஒட்டியதும் நான். பிள்ளைகள் பசைப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வீட்டில் மூத்தவர்கள் யாரும் இல்லாததால் கேட்டுப் பழகவும் வழியில்லை. பார்த்து வைப்பதற்கான அலங்காரப் பொருளாக இல்லாமல், இழுத்து, உருட்டி, விழுத்தி விளையாடக்கூடிய பொருட்களை எப்படிச் செய்வது? கத்தரிக்கோலைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத சின்னவளுக்கு அதில் என்ன வேலை கொடுப்பது? அறிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வடமராட்சி ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

தங்கச்சிக்கு வணக்கம். ஆரம்பப் பிரிவில் நீண்ட காலம் கற்பித்தவன் என்பதால், உங்கள் தேர் ஏன் ஓடவில்லை என்பது வாசித்தவுடனேயே புரிந்தது. வண்டி ஓட வேண்டுமென்றால், அச்சு அசையாமல் நிற்கச் சில்லு அதில் தனியே சுழல வேண்டும். அல்லது சில்லும் அச்சும் ஒன்றாகச் சேர்ந்து சுழல வேண்டும். நீங்கள் சில்லை அச்சிலும் அச்சைத் தேரிலும் ஒட்டிவிட்டதால், சுழல்வதற்கு எதுவும் மிஞ்சவில்லை. முதன்முதலில் வண்டி செய்கிற எல்லோரும் விடுகிற பிழை இது. சில்லு கழன்றுவிடும் என்ற பயத்தால் வருவது.

இரண்டாவது முறையே சின்னப் பிள்ளைகளுக்கு இலகுவானது. மை முடிந்த இரண்டு குமிழ்முனைப் பேனைகளின் வெளிக்குழல்களை ஒரே நீளத்தில் வெட்டி, தேரின் அடித்தட்டில் முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாக ஒட்டிக் கட்டுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கிறதா என்பதை மகன் அடிமட்டத்தால் அளந்து பார்க்கட்டும். கோணலாக இருந்தால் தேர் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். குழலுக்குள் தாராளமாகச் சுழலக்கூடிய மூங்கிற் குச்சியை அச்சாகச் செலுத்தி, அதன் இரு முனைகளிலும் சில்லுகளைப் பசை வைத்து இறுக்குங்கள். சில்லுக்கும் குழலுக்கும் இடையில் ஒரு நெற்பருமன் இடைவெளி இருக்கட்டும். ஈர்க்கு பாரம் தாங்காமல் வளைந்துவிடும் என்பதால் அச்சுக்கு அது உதவாது. பேனைக் குழல் கிடைக்காவிட்டால் பப்பாசி இலைக் காம்பு போதும். இயற்கையாகவே உள்ளே வெறுமையாக இருக்கும் குழல் அது. காய்ந்து சுருங்கும்வரை இரண்டு மூன்று நாள் நன்றாக வேலை செய்யும்.

சில்லு ஆடாமல் உருள வேண்டுமானால் துளை நடுவில் இருக்க வேண்டும். தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்துத் தாளில் வட்டம் கீறி வெட்டி, அதைப் பாதியாக மடித்து, மறுபடியும் பாதியாக மடித்து விரித்தால், மடிப்புகள் வெட்டிக்கொள்ளும் இடமே மையம். இதை ஒரு பிள்ளை தன் கையால் செய்து பார்த்துவிட்டால் பிறகு வட்டத்தின் மையத்தை அதற்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. சில்லுக்குப் பிறிஸ்ரல் மட்டை மெலிவானது. பொருட்கள் வருகிற நெளிமட்டைப் பெட்டியில் மூன்று வட்டங்களை வெட்டி, நெளிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி ஒட்டினால் வளையாது. முற்றத்து மணலில் அகலமான சில்லே புதையாமல் ஓடும் என்பதால், இந்தத் தடிப்பு அதற்கும் உதவும்.

தேர் குப்புற விழுந்ததற்குக் காரணம், வடத்தை நீங்கள் தேரின் இடுப்பில் கட்டியிருப்பீர்கள் என்பதே என் ஊகம். மேலே பிடித்து இழுத்தால் அடி பின்தங்க, முடி முன்னால் சாயும். கோயில் தேரை நினைத்துப் பாருங்கள்: வடம் எவ்வளவு தாழ்வாகக் கட்டப்பட்டிருக்கிறது! அச்சின் உயரத்திலேயே கட்டுங்கள். அடித்தட்டில் ஒரு பிடி மணலைச் சிறு பையில் கட்டி வையுங்கள். சில்லுகளுக்கு இடைப்பட்ட அகலம் தேரின் உயரத்தில் பாதிக்குக் குறையாமல் இருந்தால் வளைவுகளிலும் சாயாது.

காற்றாடிக்குப் பிறிஸ்ரல் மட்டை பாரம் கூடியது. பாடசாலையில் பாவிக்கும் டிமை தாளில், ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைந்த சதுரத்தை வெட்டி, நான்கு மூலைகளிலிருந்தும் மையத்தை நோக்கிக் கத்தரித்து, மையத்துக்கு இரண்டு விரலகலம் முன்பாக நிறுத்தி, ஒன்றுவிட்ட மூலைகளை நடுவுக்கு வளைத்துக் குத்துங்கள். தாளுக்கும் தடிக்கும் இடையில் பேனை ரிபிலின் ஒரு சிறு துண்டை வையுங்கள். அந்தத் துண்டு இல்லாவிட்டால் தாள் தடியில் உரசி நின்றுவிடும். தாளிலுள்ள துளையும் ஊசியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். ஊசியின் கூர் தடியின் மறுபக்கம் வெளியே வந்தால் மடக்கி, அதன்மேல் துணி சுற்றிவிடுங்கள்.

பிள்ளைத்தமிழில் ஆண்பாலுக்குரிய பத்துப் பருவங்களில் கடைசியாக வருவது சிறுதேர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிள்ளை தேர் உருட்டுவதை நம் புலவர்கள் ஒரு பருவமாகவே வைத்துப் பாடினார்கள் என்பதை, உங்கள் மகனுடைய கேள்வியை வாசித்தபோது நினைத்து மகிழ்ந்தேன்.

பனையடியார், தென்மராட்சி, எழுதியது:

பிள்ளை, ஆசிரியர் ஐயா சொன்னதில் பிழை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் கடையில் வாங்கிய மட்டைக்கும் பசைக்கும் முன்பாக வளவை ஒருமுறை சுற்றிப் பாருங்கள் என்று சொல்ல ஆசைப்படுகிறேன். எங்கள் வீட்டில் விளையாட்டுச் சாமான் என்று கடையில் வாங்கிய நினைவு எனக்கில்லை. ஒவ்வொரு மாதமும் பனையும் தென்னையும் பூவரசும் ஏதாவது ஒன்றைக் கீழே போட்டுக்கொண்டே இருந்தன.

உங்கள் மகன் தேர் கேட்டிருக்கிறான் அல்லவா? எங்களுடைய தேர் குரும்பட்டித் தேர். தென்னையின் கீழே உதிர்ந்து கிடக்கும் பிஞ்சுத் தேங்காய்களான குரும்பட்டிகளைக் காலையில் பொறுக்கிக்கொள்ளுங்கள். அன்று விழுந்ததாக இருந்தால் ஈர்க்கு இலகுவாக இறங்கும், இரண்டு நாள் காய்ந்துவிட்டால் ஆணி கொண்டுதான் துளைக்க வேண்டும். ஒரே பருமனான நான்கைச் சில்லுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றவற்றைச் சதுரமாக அடுக்கி, ஈர்க்குத் துண்டுகளால் ஒன்றோடொன்று குத்திப் பூட்டுங்கள். மேலே போகப்போகக் குரும்பட்டியின் எண்ணிக்கை குறைய வேண்டும். உச்சியில் மிகச் சிறிய ஒன்று கலசமாக நிற்கும். செவ்வரத்தம் பூவை ஈர்க்கில் குத்தி நான்கு மூலையிலும் நட்டால் அலங்காரம் முடிந்தது. இதற்குப் பசை வேண்டாம், கத்தரிக்கோல் வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளை தன் கையாலேயே குத்திக்கொள்ளும். கழன்றால் திரும்பவும் குத்தலாம். அந்தக் கழற்றிப் பூட்டுகிற வேலைதான் பிள்ளைகளுக்குப் பெரும் விருப்பம் என்பதை என் பேரப்பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

நுங்கு இந்த நாட்களில் அருகிவிட்டது. அடுத்த பருவத்தில், நுங்கு குடித்து முடிந்த கோம்பைகளில் ஒரே அளவான இரண்டை எடுத்து, ஒரு சாண் நீளத் தடியால் இணைத்து, அந்தத் தடியின் நடுவில் நீண்ட கவர்த்தடியை வைத்துத் தள்ளச் சொல்லுங்கள். கோம்பை ஈரப் பாரமுள்ளதால் மணலிலும் கல்லிலும் தடையின்றி ஓடும். இப்போது பனம்பழக் காலம். பழத்தைச் சூப்பிய பிறகு கொட்டையைக் கழுவி வெயிலில் காய வைத்து, அதன் தும்பைப் பழைய சீப்பால் வாரிவிட்டால் நரைத்த தாடிக்காரர் ஒருவர் கிடைப்பார். கண்ணுக்கு இரண்டு குன்றிமணி பதிக்கிற வழக்கமும் இருந்தது. அதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். குன்றிமணி கடித்து உடைந்தால் கொடிய நஞ்சு. மிளகு வைத்து ஒட்டுங்கள்.

ஓலைக் காற்றாடிக்குப் பனையின் சார்வோலையில் விரலகலத்தில் இரண்டு நறுக்குகளை எடுத்து, ஈர்க்கை நீக்கி, சற்று நேரம் தண்ணீரில் ஊற வைத்து மடித்தால் வெடிக்காது. இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் குறுக்கே பின்னி, நான்கு இதழையும் ஒரே பக்கமாகச் சிறிது முறுக்கி, நடுவில் முள் செருகி, காற்றை நோக்கி ஓடவிடுங்கள். ஓலையின் விளிம்பு தோலைக் கீறும் என்பதை முதலிலேயே பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும். வாள்போல் விளிம்புள்ள பனையின் கருக்கு மட்டையைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கவே கூடாது.

முன்பள்ளி ரீச்சர் எழுதியது:

கொக்குவில் அக்காவுக்கு வணக்கம். உங்கள் சின்ன மகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஐந்து வயதில் கத்தரிக்கோல் சரியாக வராதது குறை இல்லை. அந்தக் கைக்கு முதலில் கிழிக்கவும் பிசையவும் கோக்கவும் கிடைக்க வேண்டும். பழைய பத்திரிகையை நீளவாட்டில் கிழித்தால் நேராகக் கிழியும், அகலவாட்டில் கிழித்தால் கோணலாகப் போகும். எங்கள் வகுப்பில் இதைக் கண்டுபிடிக்கும் பிள்ளை ஓடிவந்து காட்டாமல் இருந்ததில்லை.

பசையை வீட்டிலேயே காய்ச்சுங்கள். இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவைச் சிறிது குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கோப்பைத் தண்ணீர் சேர்த்து, மெல்லிய நெருப்பில் கிண்டிக்கொண்டே இருந்தால் கண்ணாடிபோல் மினுங்கும் நிலை வரும், அப்போது இறக்குங்கள். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்க்கிற பழைய வழக்கம் நஞ்சானது. பிள்ளைகள் தொடும் பசையில் அது வேண்டாம். கெட்டுப்போவதற்கு முன் இரண்டு நாளில் பாவித்து முடிக்கக்கூடிய அளவே காய்ச்சுங்கள். இந்தப் பசையில் தோய்த்த பத்திரிகைக் கீற்றுகளை ஊதிய பலூனின்மேல் மூன்று நான்கு அடுக்கு ஒட்டி, ஒவ்வொரு அடுக்கையும் காயவிட்டு, கடைசியில் பலூனைக் குத்தி எடுத்தால் உறுதியான கூடு கிடைக்கும். உள்ளே பத்துப் பயறு போட்டு வாயை ஒட்டி மூடினால் கிலுகிலுப்பை. குத்திய பலூனின் துண்டுகளை உடனே பொறுக்கி எறிந்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் வாயில் வைத்தால் மூச்சு அடைத்துவிடும்.

பிசைவதற்கு இரண்டு கோப்பை கோதுமை மா, ஒரு கோப்பை உப்பு, ஏறத்தாழ ஒரு கோப்பை தண்ணீர். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் மகளே சிறிது சிறிதாகச் சேர்க்கட்டும். தேரில் இருத்த வேண்டிய சாமியையும் குதிரைகளையும் அவளே உருட்டுவாள். நான்கைந்து நாள் நிழலில் காய்ந்தால் இறுகிவிடும். குதிரைக்கு மூன்று கால் இருந்தாலும் திருத்தாதீர்கள் அக்கா. நானும் ஆரம்பத்தில் ஒவ்வொரு பிள்ளையின் வேலையையும் பின்னேரம் இருந்து திருத்தி வைத்தவள்தான். ஒரு நாள் ஒரு பெண்பிள்ளை தன் பொம்மையைப் பார்த்து, "இது என்னுடையது இல்லை ரீச்சர்" என்றாள். அன்றோடு விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளில் சிறுவனாக இருந்தவர் எழுதியது:

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே யாழ்ப்பாணத்தில் பற்றரிகூடக் கிடையாது என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது நாங்கள் பால்பேணியில் வண்டி செய்தோம். சில்லுக்குப் பழைய இறப்பர்ச் செருப்பு: சோடா மூடியை அதன்மேல் வைத்துச் சுற்றிவரக் கீறி, அந்தக் கீறலில் அப்பா கத்தியால் வெட்டித் தருவார். உங்கள் தேருக்கு நான் இதைத்தான் சொல்வேன். செருப்புச் சில்லு சீமெந்துத் தரையில் வழுக்காது, சத்தம் போடாது, மழையில் நனைந்தாலும் ஊறாது. மட்டைச் சில்லு முதல் மழையோடு சரி. பேணியின் வெட்டிய விளிம்பை மட்டும் சுத்தியலால் தட்டி உள்ளே மடித்துவிட வேண்டும். என் பெருவிரலில் அந்த விளிம்பு வெட்டிய தழும்பு இன்னும் இருக்கிறது.

நாங்கள் அப்போது செய்த பொருட்களில் பாதி துவக்குகள். வாழைமட்டையில் வரிசையாகக் கீறி நிமிர்த்தி, கையால் தடவினால் பட பட என்று அடிக்கும். எதைப் பார்த்தோமோ அதைச் செய்தோம். இன்று என் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டேன், அதை மட்டும் இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதே வாழைமட்டையில் வள்ளம் செய்து, ஓலைப் பாய் கட்டித் தொட்டித் தண்ணீரில் விடுகிறோம்.

கொக்குவில் தாய் எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கும் பனையடி ஐயாவுக்கும் ரீச்சருக்கும் செருப்புச் சில்லு சொன்ன அண்ணாவுக்கும் என் நன்றி. பத்து நாட்களின் பின் எழுதுகிறேன்.

வடத்தை நான் இடுப்பில்தான் கட்டியிருந்தேன்; ஐயா சொன்னது அப்படியே சரி. இம்முறை அளக்கும் வேலையை மகனிடம் விட்டுவிட்டு நான் குசினிக்குள் போய்விட்டேன். பேனைக் குழல்கள் கோணலாக ஒட்டப்பட்டிருந்தன. தேர் ஒவ்வொரு முறையும் கிணற்றடிப் பக்கமாகவே போனது. நான் வாய் திறக்கவில்லை. நான்காவது முறை அவனே தேரைக் கவிழ்த்துப் போட்டு, அடிமட்டத்தை வைத்துப் பார்த்து, "முன்னுக்கு அரை அங்குலம் கூட" என்று சொல்லிக் கழற்றினான். செருப்புச் சில்லு பூட்டி, மணல் பை வைத்த பிறகு, படலையடியிலிருந்து வாசல்படி வரைக்கும் விழாமல் வந்தது.

சின்னவள் உப்பு மாவில் ஐந்து குதிரை செய்தாள். ஒன்றுக்கு வாலே இல்லை, அப்படியே விட்டேன். குரும்பட்டித் தேரும் அவளே செய்தாள். ஆனால் இழுப்பதில் அவளுக்கு அவ்வளவு அக்கறை இல்லை. நல்லூரில் தேர்ச் சில்லுக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களை என் தோளில் இருந்து பார்த்தவள், இரண்டு ஐஸ்கிறீம் தடிகளை முறித்து ஒட்டித் தானே ஒரு முட்டுக்கட்டை செய்துகொண்டாள். அண்ணன் வடத்தை இழுக்க, அவள் பக்கவாட்டில் குந்தி நடந்து, சில்லுக்கு முன்னால் கட்டையை வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறாள். அவள் கை காட்டும்வரை தேர் நகரக் கூடாதாம். கட்டையை இரவில் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு நித்திரையாகிறாள்.

பனையடி ஐயாவிடம் ஒரு கேள்வி. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் விடுகிற பட்டங்களைப் படத்தில் பார்த்துவிட்டு, காற்றில் ஒலி எழுப்பும் விண் பூட்டிய பட்டம் செய்ய வேண்டும் என்று மகன் இப்போதே நிற்கிறான். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது முடியுமா?

பனையடியார், தென்மராட்சி, எழுதியது:

முடியும் பிள்ளை, ஆனால் விண் இந்த வருடம் வேண்டாம். விண் பூட்டுகிற பட்டத்துக்கு மூங்கில் சீவ வேண்டும், இழுவையும் அதிகம். முதலில் இரண்டு ஈர்க்கைக் குறுக்கே கட்டிய சின்னப் பட்டம் ஒன்றைச் செய்து, பட்டத்தை ஏற்றும் நூலோடு இணைக்கிற முச்சையைக் கட்டப் பழகட்டும். முச்சையின் மேல்நூல் நீளமானால் பட்டம் எழும்பாது, குட்டையாகிவிட்டால் காற்றை ஏந்தாமல் துடித்துக்கொண்டு கிடக்கும். அது விரலுக்குப் பிடிபடுவதற்கே ஒரு பருவம் வேண்டும். ஏற்றுகிற இடம் மின்கம்பி இல்லாத வெளியாக இருக்க வேண்டும்; கம்பியில் சிக்கிய பட்டத்தை எடுக்கத் தடியோடு போகக் கூடாது என்பதை இப்போதே சொல்லி வையுங்கள்.

இப்போது வீசுவது தென்மேற்குக் காற்றான சோளகம். வாடைக்காற்று எழும்ப இன்னும் மாதங்கள் கிடக்கின்றன. அதற்குள் முற்றின தென்னோலையில் ஒரே பருமனான ஈர்க்குகளாகத் தெரிந்து, பச்சையாக வெட்டி, தட்டையான பலகைக்குக் கீழே வைத்து நேராகக் காயவிடச் சொல்லுங்கள். இருபது வெட்டினால் நான்குதான் தேறும்; எது தேறும் என்பதை அவனே வளைத்துப் பார்த்து எடுக்கட்டும்.